"அழிக்கட்டுமா?" என்று கேட்கும் கம்ப்யூட்டர்!

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் ஆயிற்று. வீடியோ எடுத்தவர் வீட்டுக்கு வந்தார். அவர் கையில் ஒரு சிறு பெட்டி. சீட்டுக் கட்டு அளவுதான் இருக்கும்.

"முழு வீடியோவும் இதில் இருக்கிறது. போட்டோக்களும் இருக்கின்றன. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அம்மா" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அது ஒரு ஹார்ட் டிஸ்க். கம்ப்யூட்டருக்கு வெளியே ஒரு வயரால் மாட்டிக்கொள்ளும் டிஸ்க்.

வீடியோக்காரரிடம் இருந்தது ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கம்ப்யூட்டர். கல்யாண வீட்டில் இருந்தது விண்டோஸ் கம்ப்யூட்டர். பையன் டிஸ்க்கை மாட்டினான். வீடே திரையின் முன் கூடியது.

படம் வரவில்லை. ஒரு கேள்வி வந்தது.

"இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும். செய்யட்டுமா?"

"என்னடா கேட்கிறது?" என்றார் பாட்டி.

"ஏதோ ஃபார்மட் பண்ண வேண்டுமாம், பாட்டி. அப்போதுதான் திறக்குமாம்."

"பண்ணேன். அதற்கு என்ன யோசனை?"

பையன் பொத்தானை அழுத்தினான். டிஸ்க் திறந்தது. உள்ளே ஒன்றும் இல்லை!

இது ஏதோ ஒரு வீட்டில் நடந்த கதை அல்ல. எந்த வீட்டிலும் நடக்கக் கூடிய கதை. ஒரே டிஸ்க்கை இரண்டு விதமான கம்ப்யூட்டர்களில் மாற்றி மாற்றி மாட்டும் எல்லோருக்கும் இந்த அபாயம் உண்டு.

குற்றம் யாருடையது? பையனுடையதா? பாட்டியுடையதா?

இருவரும் குற்றவாளிகள் அல்ல. கேள்வி கேட்ட கம்ப்யூட்டர்தான் குற்றவாளி. அதை அப்படிக் கேட்கும்படி செய்து வைத்தவர்கள்தான் பொறுப்பாளிகள்.

சரக்கும் பட்டியலும்

டிஸ்க் என்பது ஒரு கிடங்கு. போட்டோ, வீடியோ, பாட்டு, பத்திரம் எல்லாம் அதில் அடுக்கி வைக்கப்படுகின்றன.

அந்தக் கிடங்கு எவ்வளவு பெரியது தெரியுமா?

1956-ம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் உலகின் முதல் ஹார்ட் டிஸ்க் யந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குள் 50 தட்டுகள் சுழன்றன. ஏறக்குறைய ஒரு டன் எடை. அதில் 50 லட்சம் எழுத்துகளைத்தான் வைக்க முடிந்தது.

இன்று சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் ஒரு 'டெராபைட்' டிஸ்க்கில், அந்தப் பழைய யந்திரங்கள் இரண்டு லட்சத்தில் வைத்த அத்தனையும் அடங்கிவிடும்!

இவ்வளவு பெரிய கிடங்கில் எது எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு பட்டியல் உண்டு. கடைக் கணக்குப்பிள்ளை இருப்புப் புத்தகம் எழுதுவது போல, கம்ப்யூட்டரும் டிஸ்க்கில் ஒரு பட்டியல் எழுதுகிறது. இந்த ஃபைல் இந்த மூலையில் இருக்கிறது, அந்த ஃபைல் அந்த மூலையில் இருக்கிறது என்பது அதில் இருக்கும்.

சரக்கு எல்லோருக்கும் பொது. போட்டோ எந்தக் கம்ப்யூட்டரிலும் போட்டோதான். ஆனால் பட்டியல் எழுதும் முறைதான் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் வேறுபடுகிறது.

பழைய கணக்குப்பிள்ளை தமக்கு மட்டும் புரியும் குறியீட்டில் எழுதிவிட்டுப் போய்விட்டார். புதுக் கணக்குப்பிள்ளை வந்தார். பட்டியலைப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை.

நல்ல கணக்குப்பிள்ளை என்ன சொல்வார்? "ஐயா, இது எனக்குப் படிக்கத் தெரியவில்லை. எழுதியவரைக் கூப்பிடுங்கள்" என்பார்.

கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது? "கிடங்கைக் காலி செய்துவிட்டுப் புதுப் பட்டியல் எழுதட்டுமா?" என்கிறது!

'ஃபார்மட்' என்ற சொல்லின் பொருள் இதுதான். பழைய பட்டியலை ஒழித்துவிட்டுப் புதுப் பட்டியல் தொடங்குவது.

மூன்று வீடு, மூன்று எழுத்து

இன்று மேஜையிலும் மடியிலும் இருக்கும் கம்ப்யூட்டர்களை ஆள்பவை முக்கியமாக மூன்று சிஸ்டங்கள். மைக்ரோசாஃப்டின் விண்டோஸ், ஆப்பிளின் மேக், பலர் கூடி உருவாக்கும் லினக்ஸ்.

விண்டோஸ் தன் பட்டியலை 'என்டிஎஃப்எஸ்' என்ற முறையில் எழுதுகிறது. இது 1993-ல் வந்தது.

மேக் 1998 முதல் 'எச்எஃப்எஸ் பிளஸ்' என்ற முறையில் எழுதியது. 2017-ல் 'ஏபிஎஃப்எஸ்' என்ற புது முறைக்கு மாறியது.

லினக்ஸ் 2008-ல் வந்த 'எக்ஸ்ட் 4' என்ற முறையைப் பெரிதும் பயன்படுத்துகிறது.

ஒருவர் எழுத்து மற்றவருக்குப் புரிகிறதா?

விண்டோஸ் எழுதியதை மேக் படிக்கும். ஆனால் அதில் எழுதாது. மேக் எழுதியதை விண்டோஸ் தானாகப் படிக்காது. லினக்ஸ் எழுதியதை மற்ற இரண்டும் தாமாகப் படிப்பதில்லை. மூவரில் லினக்ஸ்தான் அதிகம் படித்தது. விண்டோஸ் டிஸ்க்கை அது படிக்கும், எழுதவும் செய்யும். ஆனாலும் ஆப்பிளின் புது முறையில் அதுவும் விழிக்கிறது.

இதில் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். "கம்ப்யூட்டர் புதுசு, அதனால் படிக்கும்" என்று நினைக்கிறார்கள். யந்திரம் புதியதா பழையதா, உள்ளே எந்த சிப் இருக்கிறது என்பது இங்கே கணக்கு அல்ல. ஆப்பிள் 2020-ல் தன் மேக் கம்ப்யூட்டருக்குச் சொந்த சிப் போட்டது. அதற்கு முன் இருந்தது இன்டெல் சிப். சிப் மாறினாலும் இரண்டு மேக்குகளும் ஒரே டிஸ்க்கைப் படிக்கின்றன. யந்திரத்தை ஆளும் சிஸ்டம் எது என்பதே கேள்வி.

தெரிந்தும் சொல்வதில்லை!

"பாவம், கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? புரியாததால் கேட்கிறது" என்று சிலர் பரிந்து பேசலாம்.

அந்த வாதம் நிற்காது.

ஒவ்வொரு டிஸ்க்கின் தொடக்கத்திலும் ஒரு முகப்புச் சீட்டு உண்டு. "இந்தப் பகுதி ஆப்பிள் வகை" அல்லது "இந்தப் பகுதி லினக்ஸ் வகை" என்று காட்டும் அடையாள எண் அதில் பதிவாகிறது. அந்த முகப்புச் சீட்டை மூன்று சிஸ்டங்களும் படிக்கும்!

அதாவது, உள்ளே இருக்கும் பட்டியல் புரியாவிட்டாலும், அது யாருடைய டிஸ்க் என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். கதவில் பெயர்ப் பலகை தொங்குகிறது. அதைப் பார்க்காமல், வீடு காலி என்று பூட்டை உடைக்க வருவது என்ன நியாயம்?

மேக் கொஞ்சம் பரவாயில்லை. "இந்த டிஸ்க்கை இந்தக் கம்ப்யூட்டரால் படிக்க முடியவில்லை" என்று அது உண்மையைச் சொல்கிறது. ஆனால் அடுத்த வரியிலேயே, டிஸ்க்கைப் புதிதாகத் தொடங்கும் பொத்தானையும் நீட்டுகிறது. அதுவும் அழிப்பதற்கான வழிதான்.

இந்தக் கேள்வி மாற வேண்டும். திரையில் வர வேண்டியது இதுதான்:

"இது மேக் டிஸ்க் போல் தெரிகிறது. எனக்குப் படிக்கத் தெரியாது. உள்ளே உங்கள் பொருள் இருக்கலாம். எடுத்து மேக்கில் மாட்டிப் பாருங்கள்."

நான்கு சின்ன வாக்கியங்கள். எழுதுவதற்கு ஒரு நாள் வேலை கூட ஆகாது. அதைத் தமிழில் காட்டினால் பாட்டிக்கும் புரியும்.

"ஃபார்மட் செய்தால் எல்லாம் போய்விடும் என்று அடுத்த கட்டத்தில் எச்சரிக்கை வருகிறதே!" என்று கேட்கலாம். வருகிறது. ஆனால், முதல் கேள்வியே "பயன்படுத்த வேண்டுமானால் இதைச் செய்" என்று சொல்லிவிட்டது. கேட்பவர் மனம் அதை நம்பிவிட்டது. பிறகு வரும் எச்சரிக்கை காதில் ஏறுவதில்லை.

பொது மொழி உண்டு

மூன்று கம்ப்யூட்டர்களும் சேர்ந்து படிக்கும் முறை ஒன்று கூடவா இல்லை? இருக்கிறது.

பழைய பொது மொழி 'ஃபேட் 32'. இது 1996-ல் வந்தது. எல்லாக் கம்ப்யூட்டர்களும் இதைப் படிக்கும். பழைய டி.வி.யில் கூட ஓடும். ஆனால் ஒரு பெரிய குறை. 4 ஜிபி அளவுக்கு மேல் உள்ள ஒரு ஃபைலை அதில் வைக்க முடியாது. டிஸ்க்கில் ஆயிரம் ஜிபி காலியாக இருந்தாலும், 5 ஜிபி கல்யாண வீடியோ ஒன்றை உள்ளே விடாது!

புதிய பொது மொழி 'எக்ஸ்ஃபேட்'. இதை மைக்ரோசாஃப்ட் 2006-ல் கொண்டுவந்தது. 4 ஜிபி தொல்லை இதில் இல்லை. விண்டோஸ் படிக்கும், எழுதும். மேக்கும் அப்படியே. இன்றைய லினக்ஸும் அப்படியே.

அப்படியானால் தொல்லை எப்போதோ தீர்ந்திருக்க வேண்டுமே? ஏன் தீரவில்லை?

இங்கேதான் வியாபாரம் குறுக்கே வந்தது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மைக்ரோசாஃப்ட் உரிமை கொண்டாடியது. 2010-ல் ஆப்பிள் அதைத் தன் மேக்கில் சேர்த்துக்கொண்டது. லினக்ஸை உருவாக்குகிறவர்கள் அப்படிச் சேர்த்துக்கொள்ள முடியவில்லை. 2019-ல்தான் மைக்ரோசாஃப்ட் அதன் முழு விவரத்தையும் வெளியிட்டு, லினக்ஸில் சேர்க்கச் சம்மதம் சொன்னது. அந்த ஆண்டே லினக்ஸின் மையப் பகுதியில் அது நுழைந்துவிட்டது.

2006 எங்கே, 2019 எங்கே! பதின்மூன்று ஆண்டுகள்! முடியாமல் போன வேலை அல்ல இது. கொடுக்க மனம் வராமல் போன வேலை. கடைசியில் கொடுத்தார்களே, அந்த வரைக்கும் பாராட்டத்தான் வேண்டும்.

தமிழ்நாட்டுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. 2011-ல் அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அவற்றில் விண்டோஸும் இருந்தது. 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸும் இருந்தது. ஒரே லேப்டாப்பில் இரண்டு சிஸ்டங்கள்! கம்ப்யூட்டரையே முதல் முறையாகத் தொட்ட பிள்ளைகளின் கையில் இரண்டு எழுத்துகளும் வந்து சேர்ந்தன. ஆகவே இது பட்டணத்துப் பணக்காரர் வீட்டுத் தொல்லை மட்டும் அல்ல.

துவாரம் ஒன்றானது, மொழி ஒன்றாகவில்லை

ஐரோப்பாவில் நடந்ததைப் பாருங்கள்.

ஒவ்வொரு போனுக்கும் ஒரு சார்ஜர் என்று மக்கள் அலுத்துப் போயிருந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் ஒரு சட்டம் செய்தது. புதிதாக விற்கும் போன்கள் எல்லாவற்றுக்கும் ஒரே விதமான துவாரம், அதாவது 'யுஎஸ்பி சி' துவாரம்தான் இருக்க வேண்டும் என்றது. 2024 டிசம்பர் 28 முதல் அது அமலுக்கு வந்துவிட்டது. சட்டம் வருமுன் மறுப்புச் சொன்ன கம்பெனியும் வழிக்கு வந்தது.

துவாரத்துக்கு ஒரு பொது விதி செய்ய முடிந்தது. டிஸ்க்குக்கு ஒரு பொது விதி செய்ய முடியாதா?

ஒவ்வொரு சிஸ்டத்தின் முறையிலும் ஒரு சிறப்பு உண்டு என்பது உண்மைதான். கரண்ட் போனால் பட்டியல் கெடாமல் காக்கும் திறமை சிலவற்றில் இருக்கிறது. எக்ஸ்ஃபேட்டில் அது குறைவு. ஆகவே கம்ப்யூட்டருக்கு உள்ளே அவரவர் முறையை அவரவர் வைத்துக்கொள்ளட்டும். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

ஆனால் வெளியே மாட்டும் டிஸ்க் வீடு விட்டு வீடு போவது. வீட்டுக்குள் எந்த மொழியும் பேசலாம். சந்தைக்கு வந்தால் நாலு பேருக்குப் புரியும்படிதானே பேச வேண்டும்?

விற்கிறவர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. சில டிஸ்க்குகள் விண்டோஸ் முறையில் வருகின்றன. சில பொது முறையில் வருகின்றன. எந்த முறை, எந்தக் கம்ப்யூட்டர் படிக்கும், எது எழுதும் என்று அட்டைப்பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சடிக்க வேண்டும். பிஸ்கட் பாக்கெட்டில் கூட என்ன கலந்திருக்கிறது என்று போடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் டிஸ்க்கில் போடக் கூடாதா?

"நெட்டில் வைக்கலாமே!"

"டிஸ்க் எதற்கு? எல்லாவற்றையும் நெட்டில் ஏற்றி வைத்துவிட்டால் போகிறது" என்று சொல்கிறவர்கள் உண்டு.

நெட்டில் வைப்பது நல்லதுதான். டிஸ்க் கீழே விழுந்து உடைந்தாலும் அங்கே ஒன்று இருக்கும். ஆனால் இலவசமாகக் கிடைக்கும் இடம் கொஞ்சம். அதற்கு மேல் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். ஐந்நூறு ஜிபி கல்யாண வீடியோவைக் கிராமத்து நெட்டில் ஏற்றி முடிப்பதற்குள் வளைகாப்பே வந்துவிடும்! ஆகவே நெட் துணைக்கு இருக்கட்டும். டிஸ்க்கும் வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

கம்பெனிகள் திருந்தும் வரை குடும்பங்கள் காத்திருக்க முடியாது. அதுவரை ஜாக்கிரதையாக இருப்பதே வழி.

ஒன்று: புது டிஸ்க் வாங்கியவுடன், காலியாக இருக்கும்போதே, அதை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்துவிட வேண்டும். ஒரு படம் ஏறிய பிறகு அந்தப் பேச்சே கூடாது.

இரண்டு: வீடியோக்காரரிடமோ ஸ்டூடியோவிலோ டிஸ்க் கொடுக்கும்போது, "எங்கள் வீட்டில் இருப்பது விண்டோஸ். அதில் திறக்கும்படி கொடுங்கள், தம்பி" என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

மூன்று: "ஃபார்மட் செய்யட்டுமா?" என்று கேட்டால், எப்போதும் "வேண்டாம்" என்றே பதில் சொல்ல வேண்டும். டிஸ்க்கை எடுத்து, அது எந்தக் கம்ப்யூட்டரில் எழுதப்பட்டதோ அங்கே மாட்டிப் பார்க்க வேண்டும்.

நான்கு: வேலை முடிந்ததும் டிஸ்க்கை வெடுக்கென்று பிடுங்கக் கூடாது. திரையில் 'எஜெக்ட்' கொடுத்து, எடுக்கலாம் என்று சொன்ன பிறகே எடுக்க வேண்டும். பொது முறை டிஸ்க்குக்கு இது மிக மிக அவசியம். பட்டியல் எழுதிக்கொண்டிருக்கும் கணக்குப்பிள்ளையின் கையிலிருந்து புத்தகத்தைப் பறித்தால் என்ன ஆகும்? அதுதான் ஆகும்.

ஐந்து: ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது கேள்விக்குறி, முக்காற்புள்ளி, சாய்வுக்கோடு எதுவும் வேண்டாம். ஒரு சிஸ்டம் ஒப்புக்கொள்ளும் பெயரை இன்னொன்று ஒப்புக்கொள்ளாது. 'அக்கா கல்யாணம் 2024' என்பது போல எளிய பெயர் போதும்.

ஆறு: மேக்கில் மாட்டிய டிஸ்க்கை விண்டோஸில் மாட்டினால், புள்ளியில் தொடங்கும் பெயர் கொண்ட சின்னச் சின்ன ஃபைல்கள் சில தென்படலாம். அவை மேக் தன் வசதிக்காக எழுதிவிட்டுப் போனவை. வைரஸ் என்று பயப்பட வேண்டியதில்லை.

ஏழு: இது எல்லாவற்றிலும் முக்கியம். ஊர் சுற்றும் டிஸ்க்கில் இருப்பதே ஒரே பிரதியாக இருக்கக் கூடாது. வீட்டுப் பீரோவில் இன்னொரு பிரதி இருக்க வேண்டும். நிலப் பத்திரத்தின் அசலைப் பையில் போட்டுக்கொண்டு யாராவது பஸ்ஸில் அலைவார்களா?

தவறி அழுத்திவிட்டால்?

பொத்தானை அழுத்தியாகிவிட்டது. டிஸ்க் காலியாகத் தெரிகிறது. உடனே அழ வேண்டாம்.

வேகமாகச் செய்யும் ஃபார்மட் பெரும்பாலும் பட்டியலைத்தான் ஒழிக்கிறது. சுழலும் டிஸ்க்காக இருந்தால் சரக்கு பெரும்பாலும் உள்ளேயே கிடக்கும். ஆகவே, அதில் புதிதாக எதையும் எழுதக் கூடாது. ஒரு பாட்டு கூட ஏற்றக் கூடாது. உடனே கழற்றி வைத்துவிட்டு, இழந்த ஃபைல்களை மீட்டுத் தரும் தொழில் தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும்.

முழு ஃபார்மட் செய்திருந்தால் மீட்பது கடினம். விண்டோஸ் அதில் டிஸ்க் முழுவதும் எழுதி அழித்துவிடும். சுழலாத, 'எஸ்எஸ்டி' என்ற புது வகை டிஸ்க்குகளில் வேகமான ஃபார்மட் கூட சரக்கைத் துடைத்துவிடலாம். அவற்றில் இன்னும் எச்சரிக்கை தேவை.

மீட்கும் செலவு டிஸ்க்கின் விலையைவிடக் கூடுதலாகலாம். ஆனால் இறந்துபோன தாத்தா அட்சதை போட்ட காட்சி அதில் இருந்தால், அதற்கு யார் விலை போடுவது?

தெரியாது என்று சொல்லட்டும்!

நம் நாட்டில் எத்தனையோ தாய்மார்கள் வயதான பிறகு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். கற்கும் முன், கையில் ஒரு கடிதம் வந்தால் என்ன செய்தார்கள்? "எனக்குப் படிக்கத் தெரியாது. படித்துச் சொல்லப்பா" என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தார்கள். புரியவில்லை என்பதற்காக யாரும் கடிதத்தை அடுப்பில் போடவில்லை.

அந்தப் பண்பு கோடிக் கணக்கில் கணக்குப் போடும் கம்ப்யூட்டருக்கு இன்னும் வரவில்லை.

படிக்கத் தெரியாதது குற்றம் அல்ல. தனக்குப் படிக்கத் தெரியாததை, அழிக்கட்டுமா என்று கேட்பதே குற்றம்.

"எனக்குத் தெரியாது" என்ற இரண்டு வார்த்தைக்குச் சமமான ஒரு வரியைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக் கொடுங்கள் என்று கம்பெனிகளிடம் கேட்க மக்களுக்கு உரிமை உண்டு. அதுவரை வீட்டுக்கு வீடு ஒரே விதிதான்: கேட்டால், "வேண்டாம்!"